கொடுத்த உழைப்பும் கொள்ளப்பட்ட உழைப்பும்: ஹக்கலைத் தாவரவியற் பூங்காவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நுவரெலியாவிலிருந்து வெலிமடை நோக்கிச் செல்லும் வீதியில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், ஹக்கலைப் பாறையின் அடிவாரத்திலே அமைந்துள்ளது ஹக்கலைத் தாவரவியற் பூங்கா. கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ள இப்பூங்காவின் ரோசா மலர்களையும் பன்னங்களையும் காண்பதற்கு ஏப்ரல் மாதத்திலே நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். சீதை சிறையிருந்த அசோகவனம் இப்பகுதியே என்பது ஐதிகம். ஆதலால் அண்மையிலுள்ள சீதா எலிய அம்மன் ஆலயத்துக்கு வரும் யாத்திரிகரும் இப்பூங்காவைக் கண்டு செல்வர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்களும் விடுமுறை நாட்களில் இங்கு வருவதுண்டு.

உலகின் பல நாடுகளிலே பொதுத் தாவரவியற் பூங்காக்கள் இன்று தொண்டர்களின் துணையோடு இயங்கி வருகின்றன. களை பிடுங்குதல், விதை சேகரித்தல், நாற்றுக்களைப் பேணுதல், மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுதல், பார்வையாளருக்கு வழிகாட்டுதல் ஆகிய பணிகளை அவர்கள் ஊதியமின்றிச் செய்கின்றனர். புதுச்சேரிக்கு அண்மையில், ஆரோவில்லில் 2000 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட தாவரவியற் பூங்காவும் தொண்டர்களுக்கு இடமளிக்கும் ஒன்றாகும். மலையகத்துக்கும் இத்தகைய முயற்சி வேண்டும் என்னும் எண்ணம் இயல்பாகவே எழக்கூடியது. அவ்வெண்ணம் வரவேற்கத்தக்கதே. எனினும், தொண்டு என்பது ஒருவர் தம் உழைப்பைத் தாமே விரும்பிக் கொடுப்பதாகும். கொடுப்பதற்கு முன்னர் அவ்வுழைப்பு அவருடையதாக இருத்தல் வேண்டும். மலையகத்தின் பசுமை எத்தகைய உழைப்பினால் உருவானது என்பதை அறியாமல் அங்கு தொண்டு பற்றிப் பேசுவது பொருளற்றதாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூங்காவிலே பயன் கருதாது உழைத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்களிற் புல்லும் பூண்டும் செதுக்கினார் என்பது சைவ மரபு. ஸ்ரீவில்லிபுத்தூரிலே பெரியாழ்வாரும் திருவரங்கத்திலே தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்தனர் என்பது வைணவ மரபு. ஆயின் வரலாற்று மாணவர் அடியார் கதைகளோடு நின்றுவிட முடியாது. திருநந்தவனப்புறமாக நிலம் விடப்பட்டதையும், நந்தவனத்திற் பணிசெய்தோரின் வாழ்வுக்கு நெல்லும் நிலமும் ஒதுக்கப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. அடியாரின் தொண்டும் குடிகளின் ஊழியமும் நந்தவனத்திலே அருகருகே இருந்தன என்பது இதனாற் பெறப்படும். மேலும், தொண்டு செய்யும் உரிமையும் எல்லோருக்கும் ஒரே வகையிற் கிடைக்கவில்லை. கோயிலுக்குள் புக இயலாத நந்தனார், பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் வெளியே நின்று கொடுத்தே தம் தொண்டினை நிறைவேற்றினார். ஆகவே எந்தத் தோட்டத்தின் வரலாற்றை ஆராயும்போதும் இரண்டு வினாக்களை எழுப்புதல் அவசியமாகின்றது. உழைத்தவர் விரும்பி உழைத்தாரா என்பது ஒன்று. உழைத்தவரை அவ்விடம் தன்னைச் சேர்ந்தவராக ஏற்றுக்கொண்டதா என்பது மற்றொன்று.

பிரித்தானியர் அமைத்த தாவரவியற் பூங்கா நோக்கத்தால் நந்தவனத்திலிருந்து வேறுபட்டது. இலண்டனிலுள்ள கியூ பூங்காவைத் தலைமையிடமாகக் கொண்டு, பேரரசின் பல பாகங்களிலும் இருந்த பூங்காக்கள் ஒரு வலையமைப்பாக இயங்கின. ஒரு கண்டத்தின் பயிரை இன்னொரு கண்டத்துக்குக் கொண்டுசென்று, பரிசோதித்து, இலாபந்தரும் பயிராக்குவது அவற்றின் தலையாய பணியாக இருந்தது. 1821 ஆம் ஆண்டிலே அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் பேராதனைப் பூங்கா தொடங்கப்பட்டது. 1849 முதல் 1880 வரை அதனை நிருவகித்த துவைற்ஸ் என்னும் தாவரவியலறிஞரின் காலத்திலேயே, 1861 ஆம் ஆண்டில், ஹக்கலைப் பூங்கா தோற்றம் பெற்றது. இன்று மலர்களுக்குப் பெயர்பெற்ற அவ்விடம் அன்று மலர்களுக்காக அமைக்கப்படவில்லை. சிங்கோனா மரத்தை இலங்கையின் மலைகளிற் பயிரிட முடியுமா என்று பரிசோதிப்பதற்கான தவறணையாகவே அது தொடங்கியது.

சிங்கோனாவின் பட்டையிலிருந்தே மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா பெறப்பட்டது. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரே அம்மரத்தின் தாயகம். அதன் விதைகளையும் கன்றுகளையும் ஆசியாவுக்குக் கொண்டுவருவதற்காகப் பிரித்தானிய அரசு 1859 - 60 காலப்பகுதியிலே கிளெமென்ற்ஸ் மாக்கம் தலைமையில் ஒரு முயற்சியை மேற்கொண்டது. ரிச்சட் ஸ்புரூஸ் எக்குவடோரிற் சேகரித்த சிவப்புப் பட்டைச் சிங்கோனாவின் விதைகள் அம்முயற்சியின் முக்கிய பயன்களுள் ஒன்றாகும். நீலகிரியும் ஹக்கலையும் அவ்விதைகள் முளைத்த தவறணைகளாயின.

இம்மரத்தின் வரலாற்றிலே பெயர்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொயினாச் சத்து மிகுந்த சிங்கோனா இனமொன்றின் விதைகளைப் பொலிவியக் காடுகளிலே தேடிச் சேகரித்தவர் மனுவேல் இன்கிரா மாமானி என்னும் பழங்குடி மனிதர். அவரிடமிருந்து அவ்விதைகளைப் பெற்றவர் சாள்ஸ் லெஜர் என்னும் ஆங்கில வணிகர். விதைகள் 1865 இல் ஒல்லாந்தருக்கு விற்கப்பட்டு ஜாவாவில் விளைந்தன. மாமானியோ பின்னர் பொலிவிய அதிகாரிகளாற் சிறையிடப்பட்டு, அடிபட்டு, அதன் விளைவாக இறந்தார். மரத்தின் தாவரவியற் பெயரிலே நிலைத்தது வணிகரின் பெயரேயன்றி விதை தேடியவரின் பெயரன்று.

இலங்கையின் துரைமார் முதலிற் சிங்கோனாவை அதிகம் பொருட்படுத்தவில்லை. கோப்பி அக்காலத்திற் பெருஞ்செல்வத்தை ஈட்டிக்கொடுத்தமையே அதற்குக் காரணம். 1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறத் துரு தோன்றியது. துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு அந்நோய்க்குக் காரணமான பங்கசு ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. பெயரிட முடிந்ததேயன்றி நோயைத் தடுக்க முடியவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. அந்நெருக்கடியில் துரைமார் சிங்கோனாவை நாடினர். 1883 அளவில் ஏறத்தாழ 64,000 ஏக்கரிற் சிங்கோனா பயிரிடப்பட்டிருந்தது. 1886 இல் ஏறத்தாழ 150 இலட்சம் இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. ஆனால் மிகை உற்பத்தியால் விலை வீழ்ந்தது. ஜாவாவின் தரமான பட்டையோடு போட்டியிட இயலாமல் இலங்கைச் சிங்கோனா விரைவில் மறைந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1890 களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கரளவுக்குப் பரந்தது. பரிசோதனைத் தவறணையாக இருந்த ஹக்கலை, வில்லியம் நொக் போன்ற பொறுப்பாளர்களின் காலத்திலே படிப்படியாகக் காட்சிப் பூங்காவாக மாறியது.

மேற்கூறிய வரலாற்றிலே துவைற்ஸ், ரெயிலர், நொக் முதலிய பெயர்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. காட்டை அழித்து, குழி வெட்டி, கன்று நட்டு, பட்டை உரித்தவர்களின் பெயர்கள் அவற்றோடு கிடைப்பதில்லை. கோப்பிக்கும் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் வேண்டிய உழைப்பைத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரே பெரிதும் வழங்கினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டு வந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தனர். அவ்வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். காய்ச்சற் காட்டைக் கடந்து உயிர்தப்பி வந்தவர்களே காய்ச்சலுக்கு மருந்தாகும் மரத்தை மலைகளில் நட்டனர். அந்த மருந்து முதலிற் சென்றடைந்தது அவர்களையல்ல. பேரரசின் படைகளும் அதிகாரிகளுமே அதன் தலையாய பயனாளராயினர்.

அவ்வுழைப்பு விரும்பிக் கொடுத்த உழைப்பா என்னும் முதலாவது வினாவுக்குச் சட்டமே விடை கூறுகின்றது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளி சிறைத் தண்டனைக்கு உள்ளாகலாம். அதற்கும் மேலாகக் கங்காணியின் கடன் தொழிலாளியைப் பிணித்தது. கடன் தீர்ந்தால் அல்லது வேறொரு தோட்டம் அதனைப் பொறுப்பேற்றால் மட்டுமே கிடைக்கும் 'துண்டு' இன்றி ஒருவர் வேறிடத்தில் வேலை பெறுதல் அரிது. இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. நீலகிரியின் நிலை இன்னும் வெளிப்படையானது. நடுவட்டம் முதலிய இடங்களிலிருந்த அரசாங்கச் சிங்கோனாத் தோட்டங்களிலே, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். ஒருபுறம் கைதியும் மறுபுறம் கடனாளியும் உழைத்த காலத்திலே, தன்னார்வம் என்னும் சொல்லுக்கு உரியவர்களாக இருந்தோர் வேறொரு வகுப்பினர். 1835 இல் றொபேட் வைற்றின் முயற்சியாற் சென்னையில் அமைந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தையும், 1840 களில் உதகமண்டலத்து ஐரோப்பியர் சந்தா சேர்த்து மரக்கறிக்காக அமைத்த தோட்டத்தையும் இங்கு நினைவுகூரலாம். சந்தா செலுத்தியோர் தன்னார்வலர் எனப்பட்டனர். மண்வெட்டி பிடித்தோர் கூலிகள் எனப்பட்டனர்.

உள்ளூர் மக்களின் பெயர்கள் தாவரவியலில் இடம்பெறவே இல்லை எனக் கூறுவது மிகையாகும். பேராதனையிலே 1823 முதல் ஓவியராகப் பணியாற்றிய ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவின் பெயரால் 'அல்விசியா' என ஓர் ஓர்கிட் இனத்துக்குப் பெயரிடப்பட்டது. தென்னிந்தியத் தாவரங்களைத் தீட்டிய கோவிந்து என்னும் ஓவியரின் பெயரை வைற் ஓர் ஓர்கிட் இனத்துக்குச் சூட்டினார். தூரிகை பிடித்த கைக்கு அருமையாகவேனும் கிடைத்த இம்மதிப்பு, மண்வெட்டி பிடித்த கைக்குக் கிடைக்கவில்லை. இங்கு தோட்டத் தமிழின் வழக்கொன்று கருதத்தக்கது. மலையகத்தில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவைப் 'பேர்' என்பர். முழு வேலைக்கு ஒரு பேர். குறைந்த வேலைக்கு அரைப்பேர். பிரட்டுக்களத்திற் கூப்பிடப்பட்டு, செக்ரோலிற் பதியப்பட்டு, மாத முடிவிற் கணக்காகக் கூட்டப்பட்ட பேர் அது. வரலாற்றில் அத்தொழிலாளர் பெற்ற பேரும் பெரும்பாலும் அவ்வளவே.

சிங்கோனாவின் வரலாறு தொண்டின் வரலாற்றோடு மெய்யாகவே இணைந்த ஒரு கட்டமும் உண்டு. 1934 - 35 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் உலகச் சந்தையை நிரப்பும் அளவுக்குச் சிங்கோனாப் பட்டையை அனுப்பிய நாட்டிலேயே அம்மரணங்கள் நிகழ்ந்தன. உலகின் கொயினாவிற் பெரும்பங்கு அப்போது ஜாவாவின் பட்டையிலிருந்தே உற்பத்தியாயிற்று. அவ்வேளையிலே சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அதில் முன்னின்றனர். சூரியமல் என்பது பூவரசம்பூவாகும். பிரித்தானியப் படைவீரர் நிதிக்காக விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு எதிராக உள்நாட்டுப் பூவொன்றை விற்றுத் தொடங்கிய இயக்கமே நோயாளரின் பணிக்குத் திரும்பியது. பேரரசின் பூங்கா ஆளுவோருக்காக வளர்த்த மருந்தை, எவருடைய கட்டளையுமின்றி மக்களிடம் எடுத்துச் சென்றவர்கள் அவ்விளைஞரே. தொண்டு என்னும் சொல்லின் முழுப் பொருளும் அங்கு வெளிப்பட்டது எனலாம்.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். பொதுப் பூங்கா என்றால் அந்தப் 'பொது' யார்? இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே, அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலே குடியமர்த்தப்பட்டு, மீண்டும் கொழுந்து கூடையைச் சுமந்தனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோரின் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே பெருமளவு தீர்ந்தது. ஆகவே ஹக்கலைப் பூங்காவின் வாயிலிலே நுழைந்த தோட்டத் தொழிலாளி, சுதந்திரத்தின் பின்னரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, சட்டத்தின் கண்ணில் அந்நாட்டுப் பொதுமக்களுள் ஒருவராக இல்லாதிருக்கலாம். நந்தனாரைப் போல் வாயிலுக்கு வெளியே அவர் நிறுத்தப்படவில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே சென்றவர் விருந்தினராகச் சென்றாரேயன்றி உரியவராகச் செல்லவில்லை.

இதே காலப்பகுதியிலே இலங்கையில் தொண்டுழைப்பு ஓர் இயக்கமாக வளர்ந்ததும் வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். 1958 ஆம் ஆண்டிலே கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களோடு கனத்தொழுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற் சிரமதான முகாம் ஒன்றை நடத்தினார். சர்வோதய இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. சிரமதானம் என்ற சொல் உழைப்பைக் கொடையாகக் காண்கின்றது. நகரத்து மாணவருக்கு மண்வெட்டி பிடித்தல் ஒரு விழிப்பாக அமைந்தது. ஆறு நாளும் மலையேறி, ஞாயிறன்றும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் தோட்டப் பெண்ணிடம் உழைப்பைக் கொடையாகக் கேட்பது அதே பொருளைத் தராது. அவருடைய மூதாதையரிடமிருந்து கொள்ளப்பட்டதற்கே இன்னும் கணக்குத் தீர்க்கப்படவில்லை.

அவ்வாறாயின் ஹக்கலை போன்ற பூங்காவிலே தொண்டுக்கு இடமில்லையா? இடமுண்டு. ஆனால் அதன் திசை மாற வேண்டும். தாவரவியற் பூங்காத் தொண்டர்கள் எங்கும் செய்யும் முதல் வேலை களையெடுப்பதாகும். அக்களைகளிற் சில பூங்காக்களே கொண்டுவந்தவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று இலங்கையெங்கும் பரந்துள்ள உண்ணிச்செடி 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்ததே. அரசு விதைத்த களையைப் பொதுமக்கள் அகற்றுவது நியாயமான தொண்டுதான். அவ்வேலைக்கு உழவாரம் போன்றதொரு கருவி மலையகத்திலே ஏற்கெனவே உண்டு. புல்லுவெட்டும் தொழிலாளியின் கையிலுள்ள சுரண்டியே அது. அதனைப் பிடிக்கத் தெரியாத பல்கலைக்கழக மாணவர், அதனை வாழ்நாளெல்லாம் பிடித்த ஒருவரிடம் கற்றுக்கொள்ளும்போதே அத்தொண்டு தொடங்கும். நாற்றுத் தவறணையைப் பேணுதல், ஒற்றை இலைத் துண்டத்தை வேர்விடச் செய்தல், கவ்வாத்து வெட்டுதல் ஆகியவற்றிலே தோட்டத் தொழிலாளருக்குள்ள தேர்ச்சி நூல்களால் மட்டும் பெறக்கூடியதன்று. அவர்கள் பூங்காவுக்குக் கூலிகளாக அன்றி ஆசிரியராக வருதல் வேண்டும். அவ்வாசிரியத்துக்கு ஊதியம் கொடுப்பதும் முறையாகும். ஊதியமின்றி உழைக்கவேண்டியவர் கற்க வருபவரே.

மற்றொரு பணி எழுத்தைச் சார்ந்தது. பூங்காவிலுள்ள மரங்கள் பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன. மரத்தின் இலத்தீன் பெயரும் அதன் தாயகமும் அப்பலகை கூறும் செய்திகள். அம்மரத்தை நட்டவர் யார், அவர் எந்த ஊரிலிருந்து எவ்வழியாக வந்தார் என்பதை எந்தப் பலகையும் கூறுவதில்லை. தோட்டங்களின் செக்ரோல்களிலும் முதியோரின் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கும் அச்செய்திகளைத் தேடித் தொகுப்பது வரலாறு பயிலும் மாணவர் செய்யக்கூடிய தொண்டாகும். லயங்களிலே முதிய தலைமுறை மறைந்து வருகின்றது. எனவே இப்பணி நெடுங்காலம் காத்திராது. செக்ரோலிற் பேராக மட்டும் எஞ்சியவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்த பின்னரே, அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நோக்கி, இப்பூங்கா உங்களுடையது, இதற்காக விரும்பி உழைக்க வாருங்கள் என அழைக்கும் தகுதி எவருக்கும் உண்டாகும்.